பூச்சி மாத்திரை ரெண்டு தடவை போட்டாச்சு, 3 வாரமா வயிறு சரியாகல, என்னதான் பண்றது?

மழைத்துளி | இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதறது இதான் முதல் தடவை. 3 வாரம் முன்னாடி திடீர்னு வயித்தைக் கலக்கி பேதியாச்சு, சரி ஏதோ ஒத்துக்கலன்னு விட்டேன், 4 நாள்ல தானா நின்னுச்சு, அப்பாடான்னு இருந்தா ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும். இப்படியே விட்டு விட்டு வருது. ரத்தம் போகல, காய்ச்சல் இல்ல. ஆனா எதைச் சாப்பிட்டாலும் வயிறு பலூன் மாதிரி உப்பிக்குது, ஏப்பம் வந்தா அழுகின முட்டை நாத்தம். சொல்லக் கூச்சமா இருக்கு ஆனா சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும், வெளிய போறது வெளிர் மஞ்சளா, எண்ணெய் பூசின மாதிரி மிதக்குது, தண்ணி ஊத்தினாலும் லேசுல போகமாட்டேங்குது. எடை 4 கிலோ இறங்கிடுச்சு.

மருந்துக்கடையில சொல்லி பூச்சி மாத்திரை ஒண்ணு வாங்கிப் போட்டேன், அல்பெண்டசோல் 400. கேக்கல. ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு. அதுக்கும் கேக்கல. வீட்டுல மிச்சம் கிடந்த ஆன்டிபயாடிக் 3 நாள் போட்டுப் பாத்தேன், இன்னும் மோசமாச்சு. இப்ப என் பொண்ணுக்கும், 4 வயசு, நேத்துலேந்து அதே மாதிரி போகுது. அதான் பயமா இருக்கு. பூச்சி மாத்திரை போட்டும் பூச்சி சாகாதா?

வழிப்போக்கன்

வெளியில சாப்பிட்டீங்களா சகோ? பேதி ஆரம்பிச்ச அன்னைக்கு முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு யோசிங்க, அதுலதான் இருக்கும்.

நுண்ணோக்கி

சகோ, நான் 20 வருஷத்துக்கு மேல லேப்ல மலப் பரிசோதனை பாக்கறவன். டாக்டர் இல்ல, அதனால மருந்து எழுதித் தரமாட்டேன், ஆனா உங்க கேள்விக்குப் பதில் தெரியும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நம்ம பேச்சுல வயித்துக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் "பூச்சி"ன்னு ஒரே பேர் வெச்சுட்டோம். குழப்பமே அங்கதான். அதுக்குள்ள ரெண்டு தனித்தனிக் கூட்டம் இருக்கு. ஒண்ணு புழுக்கள்: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி, நாடாப்புழு. வளர்ந்துட்டா கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு ஒரே செல்லால ஆன ஒட்டுண்ணிகள்: ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா. இதெல்லாம் மைக்ரோஸ்கோப்புல மட்டும்தான் தெரியும். நீங்க போட்ட மாத்திரை புழுவுக்கானது. ஒரு மாத்திரையில ரெண்டாவது கூட்டம் அசையாது. ஜியார்டியாவுக்கு அதே அல்பெண்டசோலை சில டாக்டர்ங்க தினம் ஒண்ணுன்னு 5 நாள் குடுக்கறது உண்டு, ஆனா ஒரு நாள் போட்டு நிறுத்தினா அது வைத்தியமே இல்ல.

அழுகின முட்டை ஏப்பம், உப்பல், எண்ணெயா மிதக்கிற மலம், எடை குறையறது, விட்டு விட்டு வர்றது, ரத்தம் இல்லாதது, இதையெல்லாம் சேத்துப் பாத்தா எனக்கு முதல்ல ஜியார்டியாதான் ஞாபகம் வருது. சிறுகுடலோட சுவர்ல ஒட்டிக்கிட்டு கொழுப்பை உறிஞ்ச விடாம பண்றதால மலம் அப்படி எண்ணெயாப் போகும். ஆனா இது என் ஊகம்தான், டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். பாப்பாவை முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் ஓஆர்எஸ் கரைசல் விடாம குடுங்க. பேதி நிக்கிற மாத்திரையை 4 வயசுக் குழந்தைக்கு நீங்களா குடுத்துடாதீங்க.

வழிப்போக்கன் சொன்னதுக்கும் ஒரு வார்த்தை. முந்தின நாள் சாப்பாட்டுல தேடினா ஒண்ணும் கிடைக்காது. ஜியார்டியா உள்ள போனா தொந்தரவு ஆரம்பிக்கவே 1 வாரத்துலேந்து 2 வாரம் ஆகும். ரெண்டு வாரம் பின்னாடி போய் எங்கெங்க என்னென்ன தண்ணி குடிச்சீங்கன்னு யோசிங்க.

மழைத்துளி

அண்ணா ரொம்ப நன்றி. நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒரு விஷயம், போன வாரமே நான் ஒரு லேப்ல மலம் குடுத்துப் பாத்தாச்சு, "ஒண்ணும் இல்ல, நார்மல்"னு ரிப்போர்ட் வந்துச்சு. அதனாலதான் ரெண்டாவது பூச்சி மாத்திரை போட்டேன்.

நுண்ணோக்கி

ஒரு தடவை பாத்து "இல்ல"ன்னு வந்தா இல்லன்னு அர்த்தம் கிடையாது சகோ. ஜியார்டியா தினமும் ஒரே அளவுல வெளிய வராது. இன்னைக்கு கோடிக்கணக்குல வரும், நாளைக்குத் தேடினாலும் ஒண்ணு கூடக் கிடைக்காது. அதான் ஒண்ணு விட்டு ஒரு நாள்னு 3 தடவை சாம்பிள் குடுக்கச் சொல்றது. நீங்க நடுவுல ஆன்டிபயாடிக் வேற போட்டிருக்கீங்க, அதுவும் சில சமயம் தேடறதை மறைச்சிடும், டாக்டர்கிட்ட அதைக் கட்டாயம் சொல்லுங்க.

சாம்பிள் எடுக்கிறதுலயும் விஷயம் இருக்கு. சிறுநீர் கலக்கக் கூடாது, கழிப்பறைத் தண்ணி படக் கூடாது. தண்ணியாப் போறதுன்னா அரை மணி நேரத்துக்குள்ள பாக்கணும். ஏன்னா அதுல இருக்கிறது உயிரோட நீந்தற நிலை, சூடு ஆறினதும் செத்துக் கரைஞ்சு போயிடும், அப்புறம் பாத்தா எதுவும் தெரியாது. காலையில வீட்டுல எடுத்து பையில போட்டு மத்தியானம் கொண்டாந்து குடுக்கறவங்க எத்தனையோ பேர், நாங்களும் வாங்கி "நார்மல்"னு எழுதி அனுப்பறோம். மனசு கேக்காம சொல்றேன்.

ஸ்லைடுல ஒரு சொட்டு உப்புத்தண்ணி, அதுல கடுகளவு மலம், மேல கண்ணாடி வெச்சுப் பாப்போம். ஜியார்டியா இருந்துச்சுன்னா மறக்கவே முடியாது. பேரிக்காயை நீளவாக்குல வெட்டின வடிவம், நடுவுல ரெண்டு உட்கரு கண்ணு மாதிரி, அப்படியே நம்மளைப் பாக்கிற முகம். மரத்துலேந்து இலை உதிரும்போது புரண்டு புரண்டு விழுமே, அந்த மாதிரிதான் அசையும். 1681லயே லீவன்ஹூக்னு ஒரு டச்சுக்காரர், நுண்ணுயிரை முதல்ல பாத்தவர், தன்னோட சொந்த மலத்தைத் தான் செஞ்ச லென்ஸ்ல வெச்சுப் பாத்து இதைக் கண்டு எழுதியிருக்கார். அவருக்கும் அப்ப பேதிதான்.

மைக்ரோஸ்கோப் தவிர ஆன்டிஜென் டெஸ்ட், பிசிஆர் டெஸ்ட்டும் இருக்கு, அதுல தப்பிக்கிறது குறைவு. இன்னொண்ணு, சாதாரண மலப் பரிசோதனையில கிரிப்டோஸ்போரிடியமும் சைக்ளோஸ்போராவும் மாட்டாது. அதுக்குத் தனியா சாயம் ஏத்தணும், ஏத்தினா நீலப் பின்னணியில சின்னச் சின்ன இளஞ்சிவப்பு உருண்டையா தெரியும். டாக்டர் பேர் சொல்லிக் கேட்டாத்தான் லேப்ல அதைப் பாப்பாங்க.

தாழம்பூ

நடுவுல கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்டுல ஆர்ஓ மெஷின் இருக்கு, அதுனால எங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு நிம்மதியா இருக்கேன், சரிதானே?

குழாயடி

தண்ணி சுத்திகரிப்பு வேலையில இருக்கேன் மேடம். மெஷின் ஒழுங்கா இருந்தா குடிக்கிற தண்ணி வரைக்கும் சரி. ஆனா பல்லு எந்தத் தண்ணியில தேய்க்கறீங்க? பச்சையா சாப்பிடற காய், பழத்தை எந்தத் தண்ணியில கழுவறீங்க? குழந்தை குளிக்கும்போது வாயில வாங்கித் துப்புதே, அது எந்தத் தண்ணி? ஐஸ் கட்டி எதுல போடறீங்க? ஜியார்டியா 10 சிஸ்ட் உள்ள போனாலே போதும், ஒரு மடக்கு கூட வேண்டாம்.

சிஸ்ட்னா அது ஒரு ஓட்டுக்குள்ள சுருண்டு தூங்கற நிலை. குளிர்ந்த தண்ணியில வாரக்கணக்கா, மாசக்கணக்கா உயிரோட இருக்கும். குளோரின் போட்டா செத்துடும்னு எல்லாரும் நினைக்கறாங்க. பாக்டீரியா சீக்கிரம் செத்துடும், ஜியார்டியாவுக்கு அளவும் கூட வேணும் நேரமும் கூட வேணும், கிரிப்டோஸ்போரிடியம் இருக்கே, நல்லா குளோரின் போட்ட நீச்சல் குளத்துலயே ஒரு வாரத்துக்கு மேல உயிரோட கிடக்கும்.

1993ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல நடந்ததை எங்க துறையில யாரும் மறக்கறதில்ல. ஊருக்கே சுத்தம் பண்ணி, குளோரின் போட்டு குழாயில விட்ட தண்ணி அது. வடிகட்டற இடத்துல ஒரு நிலையத்துல சரியா வடியல, தண்ணி கலங்கலா வந்துச்சு, அதுல கிரிப்டோ தப்பிச்சு வீடு வீடாப் போச்சு. சுமார் 4 லட்சம் பேருக்கு பேதின்னு கணக்குப் போட்டாங்க. எய்ட்ஸ் மாதிரி நோயால எதிர்ப்பு சக்தி போனவங்க பல பேர் இறந்தே போனாங்க. குளோரின் வாசனை வந்தா தண்ணி நல்ல தண்ணின்னு யாராவது சொன்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கொதிக்க வெக்கறதை எதுவும் ஜெயிக்கல மேடம். தளதளன்னு கொதி வந்தப்புறம் 1 நிமிஷம் விட்டா இந்த சிஸ்ட், முட்டை எல்லாமே செத்துடும். 2000 மீட்டருக்கு மேல மலையில இருக்கறவங்க 3 நிமிஷம் விடணும், அங்க தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிடும். ஃபில்டர் வாங்கறதா இருந்தா துளை 1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இல்ல அதுக்கும் கீழன்னு உறுதியா போட்டிருக்கணும், கிரிப்டோ 4, 5 மைக்ரான்தான் இருக்கும். யூவி விளக்கும் வேலை செய்யும், ஆனா தண்ணி தெளிவா இருந்தாத்தான், கலங்கல்ல ஒளி உள்ள போகாது.

தாழம்பூ

ஐயோ, காயெல்லாம் குழாய்த் தண்ணியிலதான் கழுவறேன் சார். உப்பு, வினிகர் போட்டு ஊற வெப்பேன், அது போதாதா?

குழாயடி

இந்த ஓட்டுக்கு உப்பையும் வினிகரையும் நம்ப முடியாது. ஓடற தண்ணியில கையால தேய்ச்சுக் கழுவறப்ப அது அடிச்சிட்டுப் போகும், அதுதான் பயன். அந்தத் தண்ணி நல்லதா இருக்கணும், அவ்வளவுதான். இலை இலையா இருக்கிறதுல மடிப்புக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கும், ஒவ்வொரு இலையா பிரிச்சுக் கழுவுங்க. சந்தேகமா இருந்தா வேக வெச்சுடுங்க, தோல் உரிக்கிறதை நீங்களே உரிச்சு சாப்பிடுங்க.

ரெட்டைக்குழந்தை அம்மா

கை கழுவறதைப் பத்தி நான் சொல்லட்டுமா. எங்க வீட்டுல எல்லா ரூம்லயும் சானிடைசர் வெச்சிருந்தேன். ஒருத்திக்கு ஜியார்டியா வந்து, அவகிட்டேந்து இன்னொருத்திக்கு, அப்புறம் எனக்குன்னு சுத்திச் சுத்தி வந்துச்சு. நர்ஸ் ஒருத்தங்கதான் சொன்னாங்க, இந்த ஓட்டுக்கு சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹாலை நம்ப முடியாது, சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவினா அது சாகாது ஆனா கையை விட்டுப் போயிடும்னு. டயப்பர் மாத்தினப்புறம் நான் சானிடைசர் தடவிட்டு அப்படியே சோறு பிசைஞ்சு ஊட்டியிருக்கேன். நினைச்சா இப்பவும் மனசு அடிச்சுக்குது. நகத்தை ஒட்ட வெட்டுங்க, பெரியவங்களும்தான்.

வழிப்போக்கன்

சரி, எனக்கு ஒரு கேள்வி. அப்ப பூச்சி மாத்திரை எதுக்குத்தான்? 6 மாசத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட போட்டுட்டு இருக்கோமே, வீணா?

நுண்ணோக்கி

வீண் இல்ல, நல்ல மருந்து அது. மண்ணால பரவற புழுக்கள் உலகத்துல சுமார் 150 கோடிப் பேர்கிட்ட இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. புழு அதிகமா இருக்கிற இடங்கள்ல குழந்தைங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ரொம்ப அதிகம்னா ரெண்டு தடவை, டெஸ்ட் கூடப் பண்ணாம எல்லாருக்கும் குடுக்கச் சொல்றாங்க. புழுவால குழந்தைங்க படிப்புலயும் வளர்ச்சியிலயும் பின்தங்கிடக் கூடாதுன்னுதான். கர்ப்பமா இருக்கிறவங்க முதல் 3 மாசம் போடக் கூடாது, அதை மட்டும் யாரும் மறந்துடாதீங்க.

உருண்டைப்புழுவைப் பாத்திருக்கீங்களா? 15 செமீலேந்து 35 செமீ வரைக்கும் வளரும். பொண் புழு ஒண்ணு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை போடும். அந்த முட்டை வெளிய வந்த உடனே யாருக்கும் தொத்தாது, மண்ணுல 2 வாரத்துலேந்து 4 வாரம் பக்குவமாகணும். அதனால பக்கத்துல இருக்கிறவங்ககிட்டேந்து நேரா ஒட்டிக்காது, மண்ணு பட்ட காய், மண்ணு பட்ட கை வழியாத்தான் வாய்க்குப் போகும். உள்ள போய்ப் பொரிஞ்ச குஞ்சு குடல்ல தங்காது, ரத்தத்துல ஏறி நுரையீரலுக்குப் போய், அங்கேந்து தொண்டைக்கு ஏறி, நாம அதை முழுங்கி மறுபடி குடலுக்கு வந்துதான் பெரிசாகும். குழந்தை காரணமே இல்லாம இருமிட்டே இருந்துச்சேன்னு சில அம்மாங்க பின்னாடி சொல்வாங்க. நிறையப் புழு சேந்து குடலை அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போனதையும் பாத்திருக்கேன்.

கொக்கிப்புழு மட்டும் சாப்பாட்டு வழியா அதிகம் வராது, வெறுங்கால் தோலைத் துளைச்சு வரும். ரத்தத்தை உறிஞ்சறதால ஹீமோகுளோபின் இறங்கிட்டே போகும். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு போட்டாலும் ஏறலன்னு வர்றவங்களுக்கு மலம் பாத்தா சில பேருக்கு அதான் இருக்கும்.

ரெட்டைக்குழந்தை அம்மா

கீரிப்பூச்சியையும் சொல்லுங்க அண்ணா. எங்க பெரியவ ராத்திரி ஆனா ஆசனவாயைச் சொறிஞ்சு சொறிஞ்சு அழுவா, பகல்ல ஒண்ணுமே இருக்காது. ஒரு நாள் தூங்கி ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெள்ளை நூல் துண்டு மாதிரி ரெண்டு நெளிஞ்சுது. எனக்குக் கை நடுங்கிடுச்சு.

நுண்ணோக்கி

சரியா பாத்தீங்க அக்கா. பொண் புழு ராத்திரிலதான் வெளிய வந்து தோல்ல முட்டை போடும். அதனால மலத்துல தேடினா கிடைக்காது. காலையில எழுந்ததும் கழுவறதுக்கு முன்னாடி செல்லோ டேப்பை அங்க ஒட்டி எடுத்து ஸ்லைடுல ஒட்டிக் கொண்டாந்தா நாங்க பாத்துச் சொல்லிடுவோம். முட்டை படுக்கை, துணி, பொம்மைன்னு எங்கயும் 2, 3 வாரம் இருக்கும், அதனால வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து, 2 வாரம் கழிச்சு மறுபடியும் மருந்து. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ரெண்டாவது தடவையை விட்டுட்டு "திரும்பத் திரும்ப வருது"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

நீலவானம்

நாங்க மாமிசமே தொடறதில்ல. நாடாப்புழு எங்களுக்கு வராதுன்னு தைரியமா இருக்கலாம் இல்லையா?

நுண்ணோக்கி

இதை நிதானமா படிங்க, நிறைய பேர் தப்பா நினைச்சிட்டு இருக்கிற விஷயம். பன்றி நாடாப்புழுவுக்கு ரெண்டு பாதை இருக்கு. சரியா வேகாத கறியில இருக்கிற நீர்க்கட்டியைச் சாப்பிட்டா குடல்ல நாடாப்புழு வளரும், அது மாமிசம் சாப்பிடறவங்களுக்கு மட்டும்தான். ஆனா அந்தப் புழு குடல்ல இருக்கிற ஒருத்தர் மலத்துல முட்டை வரும், அவர் கை கழுவாம சமைச்சா, இல்ல அந்த மலம் கலந்த தண்ணி காய் மேல பட்டா, அதைச் சாப்பிடற யாருக்கும் முட்டை உள்ள போகும். முட்டை குடல்ல புழுவா வளராது. பொரிஞ்சு ரத்தத்துல போய் தசையில, கண்ணுல, மூளையில நீர்க்கட்டியா உக்காந்துக்கும். மூளையில இருந்தா வலிப்பு வரும். சுத்த சைவம் சாப்பிடறவங்களுக்கும் வரும். இந்தப் புழு பரவியிருக்கிற பல பகுதிகள்ல வலிப்பு நோயில சுமார் 30 சதவீதத்துக்கு இதுதான் காரணம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு.

அதனால புதுசா வலிப்பு வந்தவங்க யாரும் தானா பூச்சி மாத்திரை எடுத்துடாதீங்க. மூளையில கட்டி இருக்கும்போது அது திடீர்னு செத்தா சுத்தி வீங்கி இன்னும் வலிப்பு வரலாம். ஸ்கேன் பாத்து, வீக்கம் குறையற மருந்தோட சேத்துத்தான் டாக்டர் குடுப்பார்.

நீலவானம்

இது எனக்குச் சுத்தமா தெரியாது. எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு 2 வருஷமா வலிப்பு இருக்கு. ஸ்கேன் எடுத்தாங்களான்னு இன்னைக்கே கேக்கறேன். நன்றி அண்ணா.

கரிசல்மண்

அமீபாவை யாரும் சொல்லலையே. நான் சொல்றேன், எங்க அண்ணனுக்கு நடந்தது. ஒரு வாரம் காய்ச்சல், வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழ வலி, படுத்தா வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். பேதி சுத்தமா இல்ல. வாயு, தசைப் பிடிப்புன்னு ஒரு இடத்துல தைலம் குடுத்து அனுப்பிட்டாங்க. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வலது பக்கத்தைக் கையால பிடிச்சுக்குவான். கடைசியில ஸ்கேன்ல பாத்தா கல்லீரல்ல பெரிய சீழ்க்கட்டி. ஊசி போட்டு எடுத்தப்ப நான் பக்கத்துல இருந்தேன், சீழ் மாதிரி மஞ்சளா இல்ல, சாக்லேட் கலர்ல கெட்டியா வந்துச்சு. டாக்டர் பாத்ததுமே அமீபான்னு சொல்லிட்டார். எப்பவோ குடிச்ச தண்ணியில குடலுக்குப் போய், அங்கேந்து ரத்தத்துல கல்லீரலுக்கு ஏறியிருக்கு.

10 நாள் மெட்ரோனிடசோல். வாயெல்லாம் இரும்புத் துருவை நக்கின மாதிரி இருக்குன்னு சாப்பிடவே மாட்டான். காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு நாங்க கிளம்பினோம், டாக்டர் விடல, குடலுக்குள்ள மிச்சம் இருக்கிற சிஸ்டைக் கொல்ல வேற மருந்து ஒண்ணு தனியா போடணும்னு எழுதிக் குடுத்தார். அதை விட்டா மறுபடி வருமாம், வீட்டுல மத்தவங்களுக்கும் பரவுமாம்.

நுண்ணோக்கி

உங்க டாக்டர் ரொம்ப சரியா பண்ணியிருக்கார். கல்லீரல் கட்டி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த நேரத்துல பேதி இருக்காது, அதான் ஏமாந்துடறாங்க. அந்த ரெண்டாவது மருந்தை நிறைய இடத்துல எழுதவே மாட்டாங்க, இப்படிக் கட்டி வந்தவங்க யாரா இருந்தாலும் கேட்டு வாங்குங்க.

சீதபேதி, ரத்தமும் சளியுமா வர்ற வயித்துக்கடுப்புன்னா அமீபாவை நினைக்கணும், ஆனா பாக்டீரியாவாலயும் அப்படி வரும், அதனால டெஸ்ட். லேப் பக்கத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஆபத்தான அமீபா மாதிரியே, அச்சு அசலா, ஆபத்தில்லாத அமீபா ஒண்ணு இருக்கு. சிஸ்டைப் பாத்து ரெண்டையும் பிரிக்கவே முடியாது. உயிரோட நகர்ற அமீபாவுக்குள்ள ரத்த அணுவை முழுங்கி வெச்சிருந்தா அது ஆபத்தானதுன்னு ஏறக்குறைய சொல்லிடலாம், இல்லன்னா ஆன்டிஜென், பிசிஆர்தான். தொந்தரவே இல்லாதவங்களுக்கு ரிப்போர்ட்ல "அமீபா சிஸ்ட்"னு வந்ததும் மாசக்கணக்கா மாத்திரை முழுங்கறது நடக்குது. இன்னொரு பக்கம், அமீபாவைக் குடல் அழற்சி நோய்னு நினைச்சு ஸ்டீராய்டு குடுத்துட்டா உயிருக்கே ஆபத்து.

குழாயடி

அமீபான்னதும் இன்னொண்ணு. 1933ல சிகாகோவுல உலகக் கண்காட்சி நடந்தப்ப வெளியூர்லேந்து வந்து ஹோட்டல்ல தங்கினவங்களுக்கு அமீபா வந்துச்சு, சுமார் 1400 பேருக்கு, 98 பேர் இறந்தாங்க. சமையல்ல யாரோ கை கழுவலன்னு முதல்ல நினைச்சாங்க. தோண்டிப் பாத்தா கட்டடத்துக்குள்ள கழிவுக் குழாயும் குடிதண்ணிக் குழாயும் சேந்திருக்கு, சாக்கடை கசிஞ்சு குளிர்ந்த தண்ணித் தொட்டியில விழுந்திருக்கு. மழைத்துளி சகோ, நீங்க இருக்கிற கட்டடத்துல வேற யாருக்காவது வயிறு சரியில்லையான்னு விசாரிச்சீங்களா?

மழைத்துளி | 6 நாள் கழித்து

எல்லாருக்கும் ஒரே பதிவுல எழுதறேன், மன்னிக்கணும், ஓடிட்டே இருந்தேன். என்னோட ரெண்டாவது சாம்பிள்ல ஜியார்டியா வந்துடுச்சு. பொண்ணுக்கு முதல் சாம்பிள்லயே. நுண்ணோக்கி அண்ணா சொன்னதால லேப்ல உக்காந்திருந்தே எடுத்துக் குடுத்தேன், அந்தம்மா என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்புல காட்டினாங்க. நீங்க சொன்ன அதே முகம் அண்ணா. ரெண்டு கண்ணு. இலை மாதிரி புரண்டுச்சு. இவ்வளவு நாள் என்னைப் படுத்தினது இதுவான்னு ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன்.

எனக்கு டினிடசோல் ஒரே வேளை, பொண்ணுக்கு நிடாசோக்ஸனைடு மருந்து 3 நாள். மனைவிக்குத் தொந்தரவு இல்ல, ஆனா டெஸ்ட் பண்ணினதுல அவளுக்கும் இருந்துச்சு, அவளும் மருந்து எடுத்துட்டா. ஏப்பம் ரெண்டே நாள்ல நின்னுச்சு.

குழாயடி சார் கேட்டதைப் படிச்சுட்டு மாடி மாடியா போய் விசாரிச்சேன். எங்க கட்டடத்துல 12 வீடு, அதுல 5 வீட்டுல யாருக்காவது ஒருத்தருக்கு ஒரு மாசமா வயிறு சரியில்ல, எல்லாரும் தனித்தனியா பூச்சி மாத்திரை போட்டுட்டு இருக்காங்க, யாரும் யார்கிட்டயும் சொல்லல. நிலத்தடித் தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடிச்சோம். கழிவுக் குழாய் போற பக்கத்துச் சுவர்ல முழ நீளத்துக்கு வெடிப்பு, அதுலேந்து ஈரம் வழிஞ்சு கறுப்பா ஒரு கோடு தண்ணி வரைக்கும் இறங்கியிருக்கு. பாத்ததும் வாயை மூடிட்டு மேல வந்துட்டேன்.

குழாயடி

உடனே அந்தத் தண்ணியை நிறுத்துங்க சகோ. தொட்டியைக் காலி பண்ணி, முதல்ல கழிவுக் குழாயைச் சரி பண்ணுங்க, அப்புறம் சுவர். வெடிப்பை மட்டும் பூசிட்டு விட்டா வேற வழியா வரும். அடியில தங்கின சேறை முழுசா அள்ளித் தேய்ச்சுக் கழுவணும், சிஸ்ட் அதுலதான் படிஞ்சு கிடக்கும், குளோரின் ஊத்திட்டா போதும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மாடித் தொட்டியையும் சேத்துக் கழுவுங்க. அது வரைக்கும் 12 வீடும் கொதிக்க வெச்ச தண்ணிதான், பல்லு தேய்க்கறதுக்கும்.

ரெட்டைக்குழந்தை அம்மா

பாப்பாவை பேதி நின்னப்புறம் கொஞ்ச நாள் நீச்சல் குளம், தண்ணித் தொட்டி விளையாட்டுக்கு அனுப்பாதீங்க. மத்த குழந்தைங்க பாவம். அவ விளையாடற இடத்துல டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க, சொல்லக் கூச்சப்படாதீங்க.

மழைத்துளி | 3 வாரம் கழித்து

தொட்டி வேலை முடிஞ்சுது. 5 வீட்டுல 4 வீட்டுல டெஸ்ட் பண்ணினாங்க, 3 வீட்டுல ஜியார்டியா. ஒரு வீட்டுல தாத்தாவுக்கு மட்டும் வேற ஏதோ, அவரைப் பெரிய டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காங்க.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா பால் குடிச்சா மட்டும் எனக்கு மறுபடி உப்பிக்கிட்டு பேதியாகுது. திரும்ப வந்துடுச்சோன்னு பயந்து மறுபடி சாம்பிள் குடுத்தேன், ஒண்ணும் இல்ல.

நுண்ணோக்கி

பயப்படாதீங்க. ஜியார்டியா ஒட்டிட்டு இருந்த இடத்துலதான் பால்ல இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற நொதி சுரக்கும். அந்தச் சுவர் ஆறி வர்ற வரைக்கும், சில வாரம், பால் ஒத்துக்காது, நிறைய பேருக்கு இப்படி ஆகும். இதைத்தான் "மருந்து வேலை செய்யல"ன்னு நினைச்சு மறுபடி மறுபடி மாத்திரை போட்டுக்கறாங்க. பாலை ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க. அப்பவும் ஆகலைன்னா டாக்டர்கிட்ட போங்க. எடை ஏறுதா?

மழைத்துளி

2 கிலோ ஏறியாச்சு அண்ணா. பொண்ணு நேத்து தட்டுல வெச்சதை முழுசா சாப்பிட்டுட்டு இன்னும் வேணும்னு கேட்டா.